ராஜிநாமாவும் ரௌத்திரமும்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி ஓர் ஆய்வு

ஒரு சர்வகலாசாலையில் இரசாயனப் பேராசிரியர் ஒருவர் கூடுதல் சம்பளத்துக்காக வேறோர் ஊருக்குப் போய்விட்டால் அதை எந்தப் பத்திரிகையும் பிரஸ்தாபிப்பதில்லை. அந்த ஸ்தாபனத்தின் தலைவரே பதவியை விட்டு விலகினாலும் உள்ளூர்ப் பத்திரிகையின் உட்பக்கத்தில் நாலு வரி வந்தால் அதுவே அதிகம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில், அதே சர்வகலாசாலையின் கால்பந்துப் பயிற்சியாளர் ஒரு மாலைப் பொழுதில் திடீரென்று ராஜிநாமாச் செய்து விட்டார் என்ற செய்தி பரவுமானால், தெருவில் படுக்கைகள் எரிகின்றன. மாகாண கவர்னர் அபிப்பிராயம் தெரிவிக்கிறார். நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்கு தாக்கலாகிறது. விமான நிலையத்து வேலிக்கு அப்பால் ஜனங்கள் கூடி நின்று, குடும்பத்தோடு விமானம் ஏறும் ஒருவரைப் பார்த்து வசைமாரி பொழிகிறார்கள். இந்த ஆவேசம் எங்கிருந்து பிறக்கிறது, யாரால் வளர்க்கப்படுகிறது, யார் மீது பாய்கிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பவற்றை, சென்ற அறுபது எழுபது ஆண்டுகளின் பிரசித்தமான சில ராஜிநாமாக்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே கால்பந்து என்று சொல்வது கல்கத்தாவிலும் கேரளத்திலும் நாம் கண்டு பழகிய ஆட்டமன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசமும் தோட்கவசமும் தரித்த பதினொருவர், எதிரே நிற்கும் பதினொருவரை முட்டி மோதித் தள்ளிக்கொண்டு முன்னேறும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டம்தானே என்று நாம் அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் 1,07,601 பேர் அமரலாம். டென்னசி சர்வகலாசாலை நாக்ஸ்வில் நகரில் வைத்திருக்கும் மைதானமும் லட்சம் பேரைக் கொள்வது. நம் ஊர்க் கல்லூரிப் பந்தயங்களில் சக மாணவர்களே எட்டிப் பார்ப்பதில்லை என்பதை எண்ணும்போது இந்தத் தொகைகள் நமக்கு நம்ப முடியாதவையாகத் தோன்றக்கூடும். அலபாமா, மிஸ்ஸிஸிப்பி, மேற்கு வர்ஜீனியா முதலிய மாகாணங்களில் முதல்தரத் தொழில்முறைக் கால்பந்துக் குழு ஒன்று கூட இல்லாமையால், பெருநகரத்தார் பல குழுக்களின் மீது பங்கிட்டுக் கொடுக்கும் அபிமானம் முழுவதும் அங்கே ஓரிரு சர்வகலாசாலைகளின் மீது வந்து குவிகிறது. கல்லூரி வாசலை மிதித்தறியாத சுரங்கத் தொழிலாளியும் விவசாயியும்கூட அவற்றைத் தம் சொந்த ஸ்தாபனங்களாகவே பாவிக்கிறார்கள். பல மாகாணங்களில் பொதுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் இருப்பவர் கவர்னரோ பிரதம நீதிபதியோ அல்லர். கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே.

இத்தகைய பீடத்தில் அமர்ந்தவர் விலகும்போது ஊர் கலங்குவது இயற்கை. ஆனால் கலக்கத்தின் அளவு நஷ்டத்தின் அளவை ஒட்டி அமைவதில்லை என்பதே இப்பொருளை ஆராயப் புகுவோரைத் திகைக்க வைக்கும் முதல் விஷயம். மாபெரும் வெற்றி வீரர் விலகியபோது மலர் வைத்து வணங்கிய ரசிகர்கள் உண்டு. ஒரே ஒரு பருவம் பணியாற்றி, பதின்மூன்று ஆட்டங்களில் ஆறில் தோற்றவர் விலகியபோது நெருப்பு வைத்தவர்களும் உண்டு. எவரை எவ்வளவு தூரம் உறவினராக்கிக் கொண்டார்களோ, அந்த உறவுப் பேச்சை அவரே எவ்வளவு தூரம் வளர்த்துவிட்டாரோ, அந்த அளவுக்கே ரௌத்திரமும் எழுகிறது என்பது என் கருத்து. அந்த உறவைக் கட்டியெழுப்பியதில் பாதிப் பொறுப்பு பத்திரிகைகளுடையது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

இது புதிய வியாதியன்று. 1957-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்து ஏ அண்டு எம் கல்லூரியின் பயிற்சியாளராயிருந்த பால் பிரையண்ட் என்பவர், எட்டு ஆட்டங்களிலும் தோல்வியே காணாமல் தேசத்தின் முதலிடத்தில் தம் குழுவை நிறுத்தியிருந்த தருணத்தில், அவர் தாம் படித்த அலபாமா சர்வகலாசாலைக்குத் திரும்பப் போகிறார் என்று ஹூஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்று ரைஸ் சர்வகலாசாலையோடு நடக்கவிருந்த ஆட்டத்துக்குச் சற்று முன்னால் செய்தி வெளியிட்டது. அந்த ஆட்டத்தில் 7-6 என்ற கணக்கில் தோற்ற குழு, அடுத்து டெக்ஸாஸ் சர்வகலாசாலையிடம் 9-7 என்றும், பருவ இறுதிப் பந்தயத்தில் டென்னசியிடம் 3-0 என்றும் தோற்று, கைக்கெட்டிய பட்டத்தை இழந்தது. தாய் அழைத்தால் விளையாடிக் கொண்டிருக்கும் பிள்ளை போகத்தானே வேண்டும் என்ற பொருள்பட பிரையண்ட் சொன்ன சமாதானம் இன்றளவும் அந்த நாட்டில் வழங்கி வருகிறது. அலபாமாவில் அந்தச் சொல் ஏறக்குறைய வேதவாக்கு; டெக்ஸாஸில் அது விலகுபவர்கள் சொல்லும் சாக்குகளுக்கெல்லாம் மூலப்பிரதி. செய்தி உண்மையாக இருந்தும், அதை அந்த வேளையில் வெளியிட்டது தர்மமா என்று பத்திரிகையை நொந்தவர்களும் இருந்தார்கள். பயிற்சியாளர், ரசிகர், நிருபர் ஆகிய மூவரும் இன்று ஆடும் நாடகத்தின் பாத்திரங்கள் அன்றே நிர்ணயமாகி விட்டன. பிற்காலம் அதற்குப் பணத்தையும் வேகத்தையும் சேர்த்தது.

பணம் சேர்ந்த விதத்தைச் சற்று விளக்குவது அவசியம். இன்றைய பயிற்சியாளரின் ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு எழுதப்படுவது; காலம் முடியுமுன் சர்வகலாசாலை அவரை நீக்கினால் அது அவருக்கும், அவரே விலகினால் அவர் சர்வகலாசாலைக்கும், குறிப்பிட்ட தொகையைக் கொடுக்க வேண்டும் என்ற ஷரத்து அதில் இருக்கும். அந்தத் தொகையைப் பெரும்பாலும் அவரை அழைத்துக்கொள்ளும் புதிய சர்வகலாசாலை செலுத்திவிடும் என்பதால் இந்த வேலி வெறும் விலைச்சீட்டாகவே முடிகிறது. இரு பக்கத்துக்கும் நடுவே பேரம் பேசும் ஏஜெண்டு ஒருவர் இருப்பார். அவர் பேரைப் பெரும்பாலும் ரசிகர்கள் அறிவதே இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கையெழுத்திட்டுச் சேரும் காலத்தை 2017 முதல் டிசம்பர் மாதத்துக்கு முன்தள்ளி வைத்தமையால், புதிய பயிற்சியாளரை நவம்பர் முடிவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லாச் சர்வகலாசாலைகளுக்கும் ஏற்பட்டது. பருவத்தின் மிக முக்கியமான ஆட்டங்கள் மிஞ்சியிருக்கும்போதே பயிற்சியாளர்கள் ஓடிப்போவதற்குக் காரணம் அவர்களுடைய குணக்கேடு மட்டுமன்று. பஞ்சாங்கமே அப்படி அமைந்திருக்கிறது.

அதே பஞ்சாங்கம் அவர்களைப் பொய் சொல்லவும் வைக்கிறது. போகப் போவதாக ஒரு வார்த்தை வெளியே வந்தாலும் சேரவிருக்கும் மாணவர்கள் கலைந்து விடுவார்களாதலால், கடைசி மணி வரையில் மறுத்தே தீர வேண்டிய நிலை. 1998-இல் மிஸ்ஸிஸிப்பி சர்வகலாசாலையின் பயிற்சியாளராயிருந்த டாமி டூபர்வில் என்பவர், அங்கிருந்து தம்மைச் சவப்பெட்டியில் வைத்துத்தான் வெளியே எடுத்துச் செல்ல வேண்டும் என்று கூறிச் சில தினங்களுக்குள் ஆபர்ன் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு அவர் அமெரிக்க செனட் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதைக் கொண்டு வாக்காளரின் ஞாபகசக்தியைப் பற்றி யாரேனும் முடிவு கட்டினால் நான் தடுக்க மாட்டேன். நிக் சேபன் 2006 டிசம்பர் 21-ஆம் தேதி, மயாமி நகரத்துத் தொழில்முறைக் குழுவில் இருந்துகொண்டே, தாம் அலபாமாவின் பயிற்சியாளராகப் போவதில்லை என்று நிருபர்களிடம் சலிப்போடு சொன்னார். 2007 ஜனவரி 3-ஆம் தேதி அலபாமாவின் பதவியை ஏற்றுக்கொண்டார். மயாமிப் பத்திரிகைகள் அவரைப் பொய்யர் என்று எழுதின. அலபாமா சர்வகலாசாலையின் ஊராகிய டஸ்கலூஸாவின் விமான நிலையத்தில் அவரை வரவேற்க ஜனத்திரள் கூடி நின்றது. ஒரே செயல், ஓர் ஊரில் வஞ்சகமாகவும் மற்றோர் ஊரில் அவதாரமாகவும் ஒரே நாளில் விளங்கிற்று.

சேபன் அந்தப் பதவிக்கு வந்ததே மற்றொருவர் மறுத்ததால்தான். அந்த மற்றொருவர் ரிச் ராட்ரிகஸ். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கப் பிரதேசத்துச் சிற்றூரில் வளர்ந்தவர். அந்த மாகாணச் சர்வகலாசாலையிலேயே உபகாரச் சம்பளமின்றிச் சேர்ந்து ஆடியவர். பிறகு அங்கேயே பயிற்சியாளரானவர். 2006 டிசம்பரில் அலபாமாவின் அழைப்பை அவர் நிராகரித்தபோது மாகாணம் முழுவதும் விழாக் கொண்டாடியது. நம் பிள்ளை நம்மை விட்டுப் போகமாட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டு அவருடைய குழு தேசியப் பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்கு ஒரே ஓர் ஆட்டம் குறைவாக நின்றது. அந்த ஆட்டத்தில், 2007 டிசம்பர் முதல் தேதி, சொந்த மைதானத்தில், மிகப் பலவீனமானதென்று எல்லோரும் எண்ணியிருந்த பிட்ஸ்பர்க் குழுவிடம் 13-9 என்று தோற்றார்கள். அந்தத் துக்கம் ஆறுமுன், சுமார் இரண்டே வாரங்களில், ராட்ரிகஸ் மிச்சிகனுக்குப் போவதாக ராஜிநாமாச் செய்தார்.

நான் ஆராய்ந்த சம்பவங்களுள் இதைப்போல் ஒரு மாகாணத்தின் ஆத்மாவையே கீறியது வேறொன்று இல்லை. கவர்னராயிருந்த ஜோ மான்சின், தம் நீண்ட நாளைய நண்பராகிய ராட்ரிகஸை நேரே தாக்காமல், ஏஜெண்டுகள் இந்த ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று பகிரங்கமாகக் கண்டித்தார். விலகினால் நாற்பது லட்சம் டாலர் தருவதாக ராட்ரிகஸ் சில மாதங்களுக்கு முன்புதான் கையெழுத்திட்டிருந்தார். அதைக் கேட்டுச் சர்வகலாசாலை டிசம்பர் மாதமே வழக்குத் தொடர்ந்தது. தமக்கு அளித்த வாக்குறுதிகள் காப்பாற்றப்படவில்லை என்று அவர் வாதாடினார். 2008 ஜூலையில் சமரசம் ஏற்பட்டு, மிச்சிகன் இருபத்தைந்து லட்சமும் ராட்ரிகஸ் பதினைந்து லட்சமும் கொடுப்பதென முடிவாயிற்று. இவற்றையெல்லாம் வாசிக்கும்போது நமக்கு மனத்தில் படுவது யாதெனில், வெளியூர்க்காரர் ஒருவர் இதே காரியத்தைச் செய்திருந்தால் ஜனங்கள் திட்டிவிட்டு மறந்திருப்பார்கள். உள்ளூரில் பிறந்தவர் செய்தமையால் அது, வேலை கிடைக்காமல் தலைமுறை தலைமுறையாக இளைஞர்களை வெளி மாகாணங்களுக்கு அனுப்பி வைக்கும் ஓர் ஏழை மாகாணத்தின் பழைய ரணத்தின் மீது பட்டுவிட்டது என்பதே. வெளியூர்ப் பத்திரிகைகளில் இதை வெறும் ஒப்பந்தத் தகராறாக எழுதியவர்கள் இந்த இடத்தைத் தொடவே இல்லை. தற்காலிகமாக நியமிக்கப்பட்ட பில் ஸ்டூவர்ட் என்ற உதவியாளர், 2008 ஜனவரி 2-ஆம் தேதி ஓக்லஹோமாவை 48-28 என்று வீழ்த்தியதும் மறுநாளே நிரந்தரப் பதவி பெற்றதும் அந்த ரணத்துக்கு மருந்தாயின. மிச்சிகனில் ராட்ரிகஸ் மூன்று பருவங்களில் பதினைந்து வெற்றியும் இருபத்திரண்டு தோல்வியும் கண்டு நீக்கப்பட்ட செய்தி, மேற்கு வர்ஜீனியாவில் துக்கச் செய்தியாக வாசிக்கப்படவில்லை.

லேன் கிஃபின் விஷயம் வேறு தினுசு. அவர் டென்னசிக்கு உறவினருமல்லர். 2009-இல் அங்கே ஒரே பருவம் பயிற்சியாளராகப் பணியாற்றி ஏழு வெற்றியும் ஆறு தோல்வியுமே ஈட்டினார். ஆனால் அந்த ஓராண்டு முழுவதும் எதிரிக் குழுக்களை வாயால் சீண்டி, ரசிகர்களின் ரோஷத்தைத் தம் ரோஷமாக்கிக் காட்டினார். 2010 ஜனவரி 12-ஆம் தேதி இரவு, தென் கலிபோர்னியா சர்வகலாசாலைக்குப் போவதாக அவர் அறிவித்தபோது, நிருபர் கூட்டத்தில் முதலில் நடந்தது காமிராவைப் பற்றிய சண்டை: பேச்சின் ஒரு பகுதியைப் படம் பிடிக்காமல் விட வேண்டும் என்று சர்வகலாசாலை அதிகாரி கேட்க, அதற்கு நாங்கள் எதற்கு என்று தொலைக்காட்சி நிருபர்கள் மறுக்க, வாக்குவாதம் நீண்டது. பிறகு கிஃபின் வந்து ஏறத்தாழ ஒரு நிமிஷம் பேசிவிட்டுக் கேள்விக்கு இடங்கொடாமல் போனார். வெளியே மாணவர்கள் திரண்டு படுக்கையைக் கொளுத்தினார்கள். போலீஸ் காவல் தேவைப்பட்டது. நகரத்துக் கழிவுநீர் நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டலாம் என்று ஒரு யோசனைகூட எழுந்தது; கோபத்தின் நடுவிலும் ஹாஸ்யத்தை இழக்காத அந்த யோசனையை, அன்று வெளியான தலையங்கங்கள் எல்லாவற்றையும்விட நான் மதிக்கிறேன்.

இந்தக் கோபத்துக்கு ஆயுள் அதிகம். 2021 அக்டோபர் 16-ஆம் தேதி, மிஸ்ஸிஸிப்பியின் பயிற்சியாளராகக் கிஃபின் அதே மைதானத்துக்கு வந்தபோது, நடுவரின் தீர்ப்பு ஒன்றால் மூண்ட சினம் பழைய சினத்தோடு சேர்ந்துகொள்ள, பாட்டில்களும் கடுகுச் சாந்துப் புட்டியும் கால்ஃப் பந்து ஒன்றும் களத்தில் வந்து விழுந்து ஆட்டம் சுமார் இருபது நிமிஷம் நின்றது. டென்னசிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பதினொரு ஆண்டுகளுக்குமுன் அவர் போனபோது பள்ளிச் சிறுவர்களாயிருந்தவர்களே அன்று பொருள்களை எறிந்த மாணவர்களிற் பலர். வெறுப்பும் ஊரின் சொத்தைப்போல் பரம்பரையாக வந்து சேர்கிறது. 2025 நவம்பர் 30-ஆம் தேதி, பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்றை வென்று தேசியப் பட்டப் போட்டிக்குத் தகுதி பெறும் நிலையில் இருந்த மிஸ்ஸிஸிப்பியையும் விட்டு, அவர் அண்டை மாகாணத்து லூயிஸியானா ஸ்டேட் சர்வகலாசாலைக்குப் போனார். பட்டப் போட்டி முடியும்வரை இருந்து நடத்திக் கொடுக்க அவர் விரும்பியும், போகிறவர் இன்றே போகலாம் என்று சர்வகலாசாலை சொல்லிவிட்டது. விமான நிலையத்தில் கூடியவர்களின் கூச்சலைத் தேசம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. உதவியாளராயிருந்த பீட் கோல்டிங் தலைமையில் அந்தக் குழு டுலேனையும் ஜார்ஜியாவையும் வென்று அரையிறுதி வரை முன்னேறியதைப் பார்த்தபோது, பயிற்சியாளர் போனால் உலகமே அஸ்தமித்துவிடும் என்று எழுதிய நிருபர்கள் அந்த வாக்கியங்களைத் திரும்பப் படித்தார்களா என்பது சந்தேகம்.

போன விதத்தைப் பற்றிய நிந்தை, போனதைப் பற்றிய நிந்தையை எப்பொழுதும் விஞ்சுகிறது. தொழில்முறைக் குழுவாகிய அட்லாண்டாவை 2007 டிசம்பரில் பதின்மூன்றே ஆட்டங்களோடு விட்டு ஆர்கன்சா சர்வகலாசாலைக்கு ஓடிய பாபி பெட்ரினோ, வீரர்களின் அலமாரிகளில் வைத்துவிட்டுப் போன சில வரிச் சீட்டு அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் நீண்ட புகழ் பெற்றது. 2011-இல் டாட் கிரஹாம் பிட்ஸ்பர்க்கை விட்டது வீரர்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலமாகவே தெரிந்தது. பிரையன் கெல்லி பன்னிரண்டு பருவங்கள் நடத்திய நோத்ர தாம் குழுவிடம் 2021 நவம்பர் 30-ஆம் தேதி காலை ஏழு மணிக்குச் சில நிமிஷங்கள் பேசி விடைபெற்றார். வீரர்கள் செய்தியை முந்தின இரவே கேட்டிருந்தார்கள். மறுநாள் லூயிஸியானாவில், கூடைப்பந்து அரங்கத்தில் கூடிய ஜனங்களிடம், மாசசூஸெட்ஸில் பிறந்த அந்த மனிதர் திடீரென்று தென்னாட்டு உச்சரிப்பை வரவழைத்துக் கொண்டு குடும்பம், குடும்பம் என்று பேசியதைத் தேசமே கேலி செய்தது. நாலே ஆண்டுகளில், 2025 அக்டோபரில், அவரை லூயிஸியானா நீக்கியது. காலியான அந்த ஆசனத்திற்காகவே கிஃபின் மிஸ்ஸிஸிப்பியை விட்டார். நோத்ர தாமோ, கெல்லியின் உதவியாளராயிருந்த மார்க்கஸ் ஃப்ரீமனை நியமித்து 2025 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டி வரை சென்றது.

பத்திரிகைகளின் நிலையோ இரட்டை நிலை. முதலில் செய்தியைப் பிடிக்கும் நிருபருக்கு ஏஜெண்டுகளின் தயவு வேண்டும். ஏஜெண்டுகளுக்கோ, தம் கட்சிக்காரரின் விலையை ஏற்ற, அவரை நாலு ஊர்கள் நாடுவதாக வதந்தி வேண்டும். இவ்விருவர் கூட்டுறவில் பிறந்த வதந்தி வாரக்கணக்கில் வானொலி நேயர்களை வாட்டி, ரசிகர்கள் தனியார் விமானங்களின் பதிவெண்களைக் கண்காணித்து இன்ன விமானம் இன்ன ஊரில் இறங்கியது என்று துப்புத் துலக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது; முடிவில் ராஜிநாமா மெய்யானதும், அதே பத்திரிகை விசுவாசத்தின் வீழ்ச்சியைப் பற்றித் தலையங்கம் எழுதுகிறது. நேர்மையான நிருபர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2001 டிசம்பரில் ஜார்ஜ் ஓலியரி என்பவர் நோத்ர தாமின் பதவியை ஏற்று ஐந்தே நாளில் விலக நேர்ந்தது, நியூ ஹாம்ப்ஷயர் பத்திரிகை நிருபர் ஒருவர் அவரைப் புகழ்ந்து எழுதும் எண்ணத்தோடு பழைய கல்லூரித் தோழர்களை விசாரித்ததால்தான்; ஓலியரி அந்தக் கல்லூரியில் ஆடியதாகச் சொன்னது கட்டுக்கதை என்று வெளிப்பட்டது, பெற்றதாகச் சொன்ன முதுகலைப் பட்டமும் இல்லையென்று தெரிந்தது. புகழுரை எழுதுவதற்குக்கூட விசாரணை தேவை என்று எண்ணிய ஒருவர், பெரிய பத்திரிகைகளும் அந்தச் சர்வகலாசாலையும் செய்யாத காரியத்தைச் செய்தார்.

வியாதியைக் காரணங்காட்டி விலகுவோரிடம் பத்திரிகைகள் முதலில் கருணையும் பிறகு சந்தேகமும் காட்டுகின்றன. 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் புளோரிடாவுக்குத் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்த அர்பன் மயர், மார்பு வலியால் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சில வாரங்களில், 2009 டிசம்பர் 26-ஆம் தேதி ராஜிநாமாவை அறிவித்தார். மறுநாளே அதை மாற்றி, விடுப்பில் மட்டும் செல்வதாகச் சொன்னார். வேலையே உயிரைக் குடிக்கும் தொழில் இது என்று அந்த ஓரிரவில் எழுதப்பட்ட உருக்கமான கட்டுரைகள் மறுநாள் மாலையில் பழையனவாயின. சில தினங்கள் கழித்து அவருடைய குழு பருவ இறுதிப் பந்தயத்தில் 51-24 என்று தோற்கடித்தது சின்சினாட்டியை. அந்தச் சின்சினாட்டியோ, தோல்வியே காணாமல் பன்னிரண்டு ஆட்டங்கள் வென்ற பின், பாராட்டு விருந்தன்றே தன் பயிற்சியாளர் போவதை அறிந்து மனம் உடைந்த குழு. போன அந்தப் பயிற்சியாளர் மேலே சொன்ன அதே பிரையன் கெல்லி. மயர் 2010 டிசம்பரில் மெய்யாகவே விலகி, குடும்பத்தோடு இருக்க விரும்புவதாகக் கூறி, ஓராண்டு தொலைக்காட்சியில் பணிசெய்து, 2011 நவம்பரில் ஒஹையோ ஸ்டேட் சர்வகலாசாலையில் சேர்ந்தபோது, புளோரிடா ரசிகர்கள் தங்கள் பழைய அனுதாபத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவருடைய மார்பு வலி பொய்யென்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆயினும் இந்தத் தொழிலில் பொய்யையே கேட்டுப் பழகிய ஜனங்கள், மெய்யாயிருக்கக்கூடியதையும் நம்ப மறுத்தார்கள்.

ஒஹையோவில் அந்த ஆசனம் காலியான கதையில் கோபம் வேறு பக்கம் திரும்பிற்று. ஜிம் டிரெஸ்ஸல், தம் வீரர்கள் பரிசுப் பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டதையும் பணம் பெற்றதையும் அறிந்திருந்தும் மறைத்தார் என்பது வெளிப்பட்டு, 2011 மே 30-ஆம் தேதி ராஜிநாமாச் செய்தார். பத்தாண்டுகளில் ஒன்பது முறை மிச்சிகனை வென்றவர் மீது ரசிகர்களுக்குச் சினம் வரவில்லை. செய்தி சொன்னவர்கள் மீதே வந்தது. அந்தச் சர்வகலாசாலையிலேயே ஆடி, தொலைக்காட்சி விமர்சகராகப் புகழ்பெற்ற கர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட், பட்சபாதமின்றிப் பேசியதற்காக ரசிகர்களிற் சிலர் கொடுத்த தொல்லை பொறுக்காமல் அவ்வாண்டு குடும்பத்தோடு டென்னசி மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தார். டிரெஸ்ஸலோ பிற்காலத்தில் யங்ஸ்டவுன் சர்வகலாசாலைத் தலைவராகி, 2025-இல் ஒஹையோவின் துணை கவர்னருமானார்.

அதே 2011 நவம்பர் 9-ஆம் தேதி பென்சில்வேனியா மாகாணச் சர்வகலாசாலையில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. நாற்பத்தாறு பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராயிருந்த ஜோ பட்டர்னோ, தம் முன்னாள் உதவியாளர் சிறுவர்களுக்கு இழைத்த கொடுமையைப் பற்றி அறிந்தும் போதிய அளவு செயற்படவில்லை என்ற குற்றச்சாட்டின் நடுவே, பருவ முடிவில் ஓய்வு பெறுவதாகக் காலையில் அறிவித்தார்; அன்றிரவே நிர்வாக சபை அவரைத் தொலைபேசி மூலம் நீக்கியது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கித் தொலைக்காட்சிச் செய்தி வண்டி ஒன்றைக் குடைசாய்த்தார்கள். கொடுமைக்கு உள்ளான சிறுவர்களுக்காக அன்று இரவு அந்தத் தெருவில் கூட்டம் கூடவில்லை. மெழுகுவர்த்தி ஏந்திய கூட்டம் இரண்டு நாள் கழித்துத்தான் கூடியது. பயிற்சியாளரைத் தந்தையென்று போற்றும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சாட்சியம் வேண்டியதில்லை.

இவற்றோடு ஒப்பிட்டால் நிக் சேபன் 2024 ஜனவரி 10-ஆம் தேதி ஓய்வை அறிவித்தது ஒரு சாந்தமான அத்தியாயம். அலபாமாவில் பதினேழு பருவங்களில் ஆறு தேசியப் பட்டங்கள்; போட்டிச் சர்வகலாசாலைக்குப் போகவில்லை; வேறு சம்பளம் கேட்கவில்லை. மைதானத்து வாசலிலுள்ள அவருடைய சிலையின் காலடியில் ரசிகர்கள் மலர்களையும், அவர் நாள்தோறும் காலையில் உண்பதாகச் சொல்லும் ஓட்ஸ் பிஸ்கோத்துகளையும் வைத்துச் சென்றார்கள். ஆனால் அந்தச் சாந்தம் டஸ்கலூஸாவின் எல்லையோடு முடிந்தது. இரண்டே நாளில் அலபாமா, தேசிய இறுதிப் போட்டியில் அந்த வாரம்தான் தோற்ற வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோயரை எடுத்துக்கொண்டது. வாஷிங்டன் அரிஸோனாவின் ஜெட் ஃபிஷ்ஷை எடுத்தது. அரிஸோனா சான் ஹோஸே ஸ்டேட்டின் பிரெண்ட் பிரென்னனை எடுத்தது. வாஷிங்டனின் சியாட்டிலிலும் அரிஸோனாவின் டூஸானிலும் ஜனங்கள் கொதித்தார்கள்; சான் ஹோஸேயில் கொதிப்பதற்குப் போதுமான ரசிகர்களே இல்லை. தேசியப் பத்திரிகைகள் அலபாமாவின் கண்ணீருக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்து, சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு ஒரு பத்தி கொடுத்தன.

அந்தக் கண்ணிகள் ஒவ்வொன்றிலும் எண்பத்தைந்து பேர் வரை உபகாரச் சம்பள மாணவர்கள் இருந்தார்கள். ராட்ரிகஸும் கிஃபினும் போன காலத்தில், பயிற்சியாளரை நம்பி வந்த மாணவன் தானும் வேறு சர்வகலாசாலைக்குப் போக விரும்பினால், அங்கே ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பல லட்சம் சம்பாதிப்பவர் இரவோடு இரவாகப் போகலாம், சம்பளமே இல்லாதவன் போகக்கூடாது. அன்று எரிந்த படுக்கைகளையும் எழுந்த தலையங்கங்களையும் பற்றிய பதிவுகளில், இந்த அநியாயத்தைப் பிரதானமாக எடுத்துப் பேசியவை மிகச் சிலவே. 2021-இல் அந்த விதி தளர்ந்தது. சேபன் விலகியபோது அலபாமா மாணவர்களுக்கு முப்பது நாள் அவகாசம் திறந்தது, அவர்களிற் சிலர் போனார்கள், அவர்களுள் மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராகிய கேலப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போனார். உடனே, இக்காலத்து இளைஞர்களுக்கு விசுவாசம் இல்லை என்று வானொலியில் புலம்பல் எழுந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையின்படி சர்வகலாசாலைகள் மாணவர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகு, அந்தப் புலம்பல் இன்னும் உரத்துக் கேட்கிறது.

மேற்கு வர்ஜீனியாவின் செய்தி ஒன்று பாக்கி. 2024 டிசம்பரில் அந்தச் சர்வகலாசாலை, பல ஊர்கள் சுற்றி ஜாக்ஸன்வில் ஸ்டேட் என்ற சிறிய இடத்தில் நல்ல பெயர் எடுத்திருந்த ரிச் ராட்ரிகஸைத் திரும்ப அழைத்துப் பயிற்சியாளராக்கியது. எதிர்த்தவர்கள் இருந்தார்கள், ஆனால் வழக்குத் தொடர்ந்த ஸ்தாபனமே ஒப்பந்தம் நீட்ட, துரோகி என்று எழுதிய பத்திரிகைகளே வீடு திரும்பிய பிள்ளை என்று எழுத, எதிர்ப்பு ரசிகர்களின் வரவேற்பில் அமுங்கிப் போயிற்று. திரும்பி வந்த முதல் பருவமாகிய 2025-இல் அவருடைய குழு வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே அதிகம். சர்வகலாசாலை இருக்கும் மார்கன்டவுனில் அதன் பிறகு பேச்சு அதைப் பற்றித்தான்.